மழைக்காலத்தில் வீட்டிற் பூஞ்சணம் பற்றாமற் காக்கும் வகை

ஐப்பசி மாதத்து அடைமழை தொடங்கி ஒரு வாரம் கழிவதற்குள், கிராமங்களிலுள்ள வீடுகள் பலவற்றில் ஒருவகை முடைநாற்றம் உண்டாகிறது. சுவரின் அடிப்பாகத்திற் கரும்புள்ளிகள் தோன்றுகின்றன. பெட்டியில் மடித்து வைத்த துணிகளிற் சாம்பல் நிறத் திட்டுக்கள் விழுகின்றன. தோற்செருப்பிலும் மாட்டின் கழுத்துப்பட்டையிலும் வெண்மையான பஞ்சு போன்ற படலம் படர்கிறது. பத்தாயத்தைத் திறந்து கையை உள்ளே விட்டால், நெல் வெதுவெதுப்பாயும் கட்டி கட்டியாயும் இருக்கக் காணலாம். இவை யாவும் பூஞ்சணத்தின் செய்கைகளே.

மழைக்காலத்தில் இது வழக்கமென்றும், தை மாதத்து வெயிலில் தானே நீங்கிவிடுமென்றும் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். சுவரிலுள்ள கறை வெயிற் காலத்தில் ஒருவாறு மங்கக் கூடும். ஆனால் அதே ஈரத்தினால், வீட்டினுள் வைத்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் விளைந்துவிட்ட நஞ்சு, பின்னர் அவற்றை உலர்த்துவதனால் நீங்குவதில்லை. சமைப்பதனாலும் முற்றும் அழிவதில்லை. ஆகையால் பூஞ்சணம் வந்தபின் போக்குவதைவிட, வராமற் தடுப்பதே குடியானவர்களுக்குச் சிலாக்கியமானது.

பூஞ்சணத்தின் இயல்பு

பூஞ்சணம் காளான் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர். பயிர்களுக்குள்ள பச்சையம் இதற்கு இல்லை. ஆதலால் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாமல், மரம், பருத்தி, தோல், காகிதம், பசை, தானியம் முதலியவற்றின் மேற் படர்ந்து அவற்றையே உண்டு வளருகிறது. கண்ணுக்குத் தெரியும் படலமானது நுண்ணிய இழைகளின் கூட்டமேயாகும். அவ்விழைகளின் நுனியில் எண்ணிறந்த வித்துக்கள் உண்டாகின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறுகளாகப் பகுத்தால், இவ்வித்துக்களிற் பெரும்பாலானவை அவற்றில் இரண்டு முதற் பத்துக் கூறுகள் வரையிலான பருமனே உடையவை. மிக இலேசானவையாதலால் இவை காற்றில் மிதந்து எங்கும் பரவுகின்றன.

அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், கிளாடோஸ்போரியம் என்னும் வகைகள் வீடுகளிற் சாதாரணமாய்க் காணப்படுபவை. இவற்றுள் பெனிசிலியம் வகையைச் சேர்ந்த ஒரு பூஞ்சணத்திலிருந்தே 1928-ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்ஸாண்டர் பிளெமிங் என்பவர் பெனிசிலின் என்னும் அரிய மருந்தைக் கண்டறிந்தார். எனவே பூஞ்சணம் யாவும் தீயன என்பதற்கில்லை. ஆயினும் வீட்டினுள் வளரும் பூஞ்சணத்தால் நன்மை ஒன்றுமில்லை.

இவ்வித்துக்கள் வீட்டினுள் வராதபடி தடுத்தல் எவராலும் ஆகாது. கதவைச் சாத்தினும் இடுக்கின் வழியே நுழையும். துணியிலும் தானியத்திலும் ஒட்டிக்கொண்டு வரும். ஆனால் வித்து மாத்திரம் இருந்து பயனில்லை என்பதைக் குடியானவன் நன்கறிவான். வறண்ட புழுதியில் விதைத்த விதை மழையை எதிர்நோக்கிக் கிடப்பது போலவே, இவ்வித்தும் ஈரத்தை எதிர்நோக்கிக் கிடக்கிறது. நம் நாட்டு உஷ்ணம் அதற்கு எப்பொழுதும் ஏற்றதாயிருக்கிறது. உணவோ வீடெங்கும் இருக்கிறது. எஞ்சியது ஈரம் ஒன்றே. வயலில் நீர் பாய்ச்சிப் பயிரை வளர்ப்பவன், வீட்டில் நீரை மறுத்துப் பூஞ்சணத்தை ஒடுக்க வேண்டும். இதனைத் தடுக்கும் முறைகள் யாவும் இந்த ஒரு விதியில் அடங்கும்.

ஈரம் வரும் வழிகள்

வீட்டினுள் ஈரம் நான்கு வழிகளில் வருகிறது. முதலாவது, மேலிருந்து ஒழுகுவது. உடைந்த ஓடு, விரிசல் கண்ட தளம், தழை அடைத்துக்கொண்ட நீர்த்தாரை ஆகியவை இதற்குக் காரணம். இரண்டாவது, கீழிருந்து ஏறுவது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணிலுள்ள நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே சுவரில் ஏறுகிறது. இறவாரத்திலிருந்து விழும் நீர் சுவரோரம் தேங்கும் வீடுகளில் இது அதிகம். மூன்றாவது, வீட்டினுள்ளேயே உண்டாவது. சோறு வடித்தல், நெல் அவித்தல், குளித்தல், ஈரத்துணி உலர்த்துதல், அங்குள்ளோர் மூச்சு விடுதல் ஆகிய யாவும் காற்றில் நீராவியைச் சேர்க்கின்றன.

நான்காவது, காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த இடத்தில் நீராகப் படிவது. உஷ்ணமான காற்று அதிக நீராவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும். 30 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்குகிறது. 20 டிகிரியில் அதே அளவு காற்று சுமார் 17 கிராமே தாங்கும். மிகுதி நீர், குளிர்ந்த சுவரிலும் தகரத்திலும் பனித்துளி போற் படிகிறது. பெட்டி நெருங்கியிருக்கும் சுவர்ப்புறத்திலும், காற்றுப் புகாத மூலைகளிலும் முதன்முதற் பூஞ்சணம் தோன்றுவது இதனாலேயே.

இதன் அளவை ஓர் உதாரணத்தால் அறியலாம். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறையின் காற்று 36 கனமீட்டர். அது 30 டிகிரி உஷ்ணத்தில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம், அதாவது ஒரு லிட்டர் நீரையே ஆவியாகத் தாங்க வல்லது. மழை நாட்களில் அதிற் பெரும்பகுதி முன்னமே நிரம்பியிருக்கும். ஒரு குடும்பத்தின் துணிகளைத் துவைத்துப் பிழிந்து அவ்வறையின் கொடியில் இட்டுக் கதவைச் சாத்தினால், அத்துணிகள் வெளியிடும் நீர் வேறு எங்கே போகும்? சுவருக்கும் பெட்டிக்கும் தானிய மூட்டைக்குமே போகும்.

சுவரிலுள்ள ஈரம் எவ்வழியால் வந்ததென்று அறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. ஓரடிச் சதுரமான பாலிதீன் தாளைச் சுவரிற் பதித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவினால் நன்கு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். தாளின் உட்புறம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அறையின் காற்றிலிருந்து படிகிறது. முன்னதற்குச் சுவரையும் கூரையையும் செப்பனிட வேண்டும். பின்னதற்குக் காற்றோட்டத்தைப் பெருக்க வேண்டும். காரணத்தை அறியாமற் செய்யும் செலவு வீணாம்.

மழைக்கு முன் செய்ய வேண்டுவன

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றினாற் பெய்வது. ஆதலால் புரட்டாசி மாதத்துக்குள் வீட்டைச் சித்தம் செய்துகொள்ள வேண்டும். ஓடு மாற்றி, நீர்த்தாரைகளிலுள்ள தழைகளை நீக்கி, வீட்டைச் சுற்றிலும் தரையானது சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரியும்படி மண்ணிட்டுத் திமிசு போட வேண்டும். சுவரை அடுத்துக் குவித்திருக்கும் வைக்கோல், விறகு, எருக்குவியல் முதலியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். சுவரில் வெயில் படாதபடி கவிந்திருக்கும் கிளைகளைக் கழித்துவிடுதல் நலம்.

சுண்ணாம்புக் காரை பூசிய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது அழகுக்கு மாத்திரமன்று. புதிதாக நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சணத்துக்கு ஒவ்வாதது. அன்றியும் சுண்ணாம்புப் பூச்சின் வழியே சுவரிலுள்ள ஈரம் வெளியேற இடமுண்டு. ஈரமான சுவரின்மேல் எண்ணெய் வர்ணமோ பிளாஸ்டிக் வர்ணமோ பூசினால், ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சில மாதங்களிற் பூச்சு உரிந்து விழும். ஆகவே எப்பூச்சாயினும் சுவர் நன்கு உலர்ந்த பின்னரே இடத் தக்கது.

மழை நாட்களில் செய்ய வேண்டுவன

காற்றின் ஈரம் நூற்றுக்கு 60 பங்குக்கு மேற் போகாமல் இருப்பின் வீட்டிற் பூஞ்சணம் எளிதில் தலையெடுக்காது. அடைமழையின்போது இவ்வளவு வறட்சியை எய்துதல் இயலாதாயினும், உள்ளே உண்டாகும் நீராவியையாவது தங்கவிடாமற் போக்கலாம். அடுப்பங்கரையின் புகைபோக்கியும் மேற்சாளரமும் சமையல் முடியும் வரை திறந்திருக்க வேண்டும். வெயில் சற்று எட்டிப் பார்த்தவுடன், எதிரெதிரான சாளரங்களைத் திறந்து காற்று ஊடுருவிச் செல்லச் செய்தல் வேண்டும். துணிகளை அறையில் உலர்த்தாமல், கூரையுள்ள தாழ்வாரத்திற் காற்றுப்படும்படி உலர்த்த வேண்டும்.

பெட்டி, பீரோ, மூட்டை முதலியவற்றைச் சுவரிலிருந்து ஒரு சாணேனும் விலக்கி வைப்பது அவசியம். பாய், தலையணை, சாக்கு முதலியவை நனைந்தால், ஒரு நாள் அல்லது இரண்டு நாட்களுக்குள் உலர்த்திவிட வேண்டும். அதற்குமேற் தாமதித்தாற் பூஞ்சணம் வேரூன்றத் தொடங்கும்.

நிலப்பத்திரங்கள், பட்டுத்துணிகள் முதலியவற்றை வைக்கும் மூடிய பெட்டியில் சுட்ட கற்சுண்ணாம்பை வைத்து ஈரத்தைப் போக்கலாம். நீற்றாத சுண்ணாம்பு, தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை உறிஞ்சவல்லது. ஒரு மண்கலயத்திற் பாதியளவு இட்டு, வாயைத் துணியாற் கட்டி வைக்க வேண்டும். நீரை ஏற்குந்தோறும் அது உப்பிப் பொடியாகுமாதலால் முழுதும் நிரப்பலாகாது. யாவும் பொடியான பின் மாற்றிவிட வேண்டும். நீர் பட்டால் இது கொதிக்கும். கண்ணிற் பட்டாற் பார்வைக்குக் கேடு. ஆகையாற் குழந்தைகளுக்கு எட்டாதபடி வைப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். வேப்பிலையும் வசம்பும் பூச்சிகளை ஒருவாறு விலக்குமேயன்றி ஈரத்தைப் போக்கமாட்டா. ஆதலால் பூஞ்சணத்துக்கு அவற்றை நம்பியிருத்தல் கூடாது.

பூஞ்சணம் பற்றிய இடத்தைத் துப்புரவு செய்தல்

காய்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தாற் பெருக்கினால் வித்துக்கள் வீடெங்கும் பரவும். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போர்க்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா ஆகியவை மிகுதியாய்க் காணப்படுவதை உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியில் எடுத்துரைத்துள்ளது. குழந்தைகளையும் இழுப்பு நோயுள்ளவர்களையும் வெளியே அனுப்பிய பின்னரே இவ்வேலையைத் தொடங்க வேண்டும். செய்பவர் மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொள்ள வேண்டும். முதலில் அவ்விடத்தை நனைத்து, சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, பின் முற்றும் உலர்த்துக. காரைச் சுவராயின், பற்றிய மேற்பூச்சை நனைத்துச் சுரண்டி நீக்கி, உலர்ந்தபின் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். சலவைத்தூள் உபயோகிப்போர் அதனைக் கழிவறை அமிலத்துடன் ஒருபோதும் கலத்தலாகாது. மூச்சை அடைக்கும் நச்சுவாயு எழும். எம்முறையைக் கையாண்டாலும், ஈரம் வந்த வழியை அடைக்காவிடில் பூஞ்சணம் மீண்டும் வருவது திண்ணம்.

வீட்டில் வைக்கும் தானியம்

சுவரிலும் துணியிலும் பற்றும் பூஞ்சணத்தாற் பொருளும் சுகமும் கெடுகின்றன. தானியத்திற் பற்றும் பூஞ்சணத்தாலோ உயிருக்கே அபாயம் நேரக்கூடும். அஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் மஞ்சள் கலந்த பச்சை நிறப் பூஞ்சணம், நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திவிதை, கொப்பரை முதலியவற்றில் வளரும்போது அப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. இது ஈரலைத் தாக்குவது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. அவற்றிற்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கை ஆராய்ந்தபோதே இந்நஞ்சு வெளிப்பட்டது. இது மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1987-ஆம் ஆண்டில் வகுத்தது.

1974-ஆம் ஆண்டில் ராஜஸ்தானத்தைச் சேர்ந்த பான்ஸ்வாரா ஜில்லாவிலும், குஜராத்தைச் சேர்ந்த பஞ்சமகால் ஜில்லாவிலும் நிகழ்ந்தது யாவரும் மனத்திற் கொள்ளத் தக்கது. அவ்வாண்டு அறுவடை சமயத்திற் பருவந்தவறிப் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்துவிட்டது. வேறு உணவில்லாத ஏழைக் குடிகள் அதனையே உண்டு வந்தனர். காமாலையும் வயிற்றில் நீர்கோத்தலும் கண்டு 397 பேர் நோயுற்று, அவர்களில் 106 பேர் மாண்டனர். அந்தச் சோளத்தைத் தின்ற நாய்களும் மடிந்தன. 2004-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா தேசத்திலும் இவ்வாறே 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தனர். மக்காச்சோளத்தை ஈரத்துடன் வீட்டினுள்ளே சேமித்த குடும்பங்களில் இந்நோய் மிகுதியாய்க் கண்டதென்று அங்கே விசாரித்தவர்கள் கண்டனர். இரண்டிடத்திலும் காரணமாயிருந்தது, போதிய அளவு உலராத தானியமே.

ஆகையால் தானியத்தை எவ்வளவு உலர்த்த வேண்டும் என்பதை அறிதல் அவசியம். வீட்டிற் பல மாதம் வைக்கும் நெல்லிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற் போகலாகாது. தோலுடன் கூடிய நிலக்கடலையில் 9 பங்குக்கும், உரித்த பருப்பில் 7 பங்குக்கும் உட்பட்டிருக்க வேண்டும். நெல் கொள்முதல் நிலையங்களில் வழக்கமாக 17 பங்கு ஈரம் வரை ஏற்றுக்கொள்வது கண்டு, அதுவே போதும் என்று எண்ணிவிடலாகாது. அது வாங்குவதற்குரிய வரம்பேயன்றி வீட்டில் வைத்திருத்தற்குரிய வரம்பன்று. மழையில் அறுவடையாகும் குறுவை நெல்லுக்கு இது முக்கியமாய்ப் பொருந்தும்.

உலர்த்தினால் எடை குறைந்துவிடுமே என்று சிலர் அஞ்சுவர். 18 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 13 பங்குக்கு உலர்த்தினால் சுமார் 5.7 கிலோ குறையும் என்பது உண்மையே. ஆனால் குறைவது நீரேயன்றி அரிசியன்று. உலர்த்தாமல் வைத்தாலோ, பூஞ்சணம் அரிசியையே உண்டு குறைக்கும். எஞ்சியதும் உண்ணத் தகாததாகும்.

ஈரத்தை அளக்கும் கருவி இல்லாதவர்கள் பின்வருமாறு பரீட்சிக்கலாம். மூடியுள்ள உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றிலொரு பங்கு தானியமும், நன்கு காயவைத்து ஆற்றிய தூளுப்பு ஒரு பெரிய கரண்டியும் இட்டு, ஒரு நிமிஷம் குலுக்கிக் கால்மணி நேரம் வைத்திருக்க வேண்டும். உப்பு புட்டியின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 பங்குக்கு மேல் உளதென்று அறியலாம். ஒட்டாவிட்டாலும், மேலும் ஓரிரு நாள் வெயிலிற் காயவைத்தல் நலம். 15-க்கும் 13-க்கும் இடையிலுள்ள ஈரத்தை உப்பு காட்டாது.

தானியத்தை வெறுந்தரையிற் கொட்டாமல், களத்திலோ தார்ப்பாயிலோ மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, பனி இறங்கும் முன் குவித்து மூடிவிட வேண்டும். சூடு ஆறிய பின்னரே பத்தாயத்திலோ குதிரிலோ இடுக. சூட்டுடன் தகரக் கலத்தில் இட்டு மூடினால், இரவில் மூடியின் அடியில் நீர் கோத்து மேல் தானியத்தை நனைக்கும். மூட்டைகளைத் தரைமேல் வைக்காமல் மரச்சட்டங்களின்மேல் அடுக்க வேண்டும். பதினைந்து நாளுக்கொருமுறை கையை உள்ளே விட்டுப் பார்த்து, சூடோ முடைநாற்றமோ காணின் உடனே வெளியே கொட்டி உலர்த்த வேண்டும்.

நிலக்கடலையைப் பறிக்கும்போது களைக்கொட்டாற் காய் வெட்டுப்படாமற் பார்க்க வேண்டும். வெட்டுப்பட்ட காயிற் பூஞ்சணம் எளிதில் நுழையும். உடைப்பதற்கு இலேசாகும் பொருட்டுக் காயின்மேல் நீர் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இவ்வழக்கத்தை அறவே விட்டொழித்தல் வேண்டும். உரித்தபின் சுருங்கியதும், நிறம் மாறியதும், பூஞ்சணம் பூத்ததுமான பருப்புக்களைக் கையாற் பொறுக்கி நீக்கினால் நஞ்சு பெரும்பாலும் அவற்றுடனே போய்விடும்.

இவ்வாறு நீக்கியதை என் செய்வதென்பதிலேயே பலர் தவறுகின்றனர். மனிதர் உண்ணத் தகாததை மாட்டுக்கும் கோழிக்கும் இடுவது பழக்கமாயிருக்கிறது. கோழிக்குஞ்சுகளும் வாத்துக்குஞ்சுகளும் இந்நஞ்சைத் தாங்கமாட்டா. கறவை மாட்டுக்குப் பூஞ்சணம் பூத்த பிண்ணாக்கை இட்டால், நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்குகிறது. அது கன்றுக்கும், அப்பாலை அருந்தும் குழந்தைக்கும் சேரும், காய்ச்சுவதனால் நீங்காது. செக்குக்கு அனுப்பினாலும், சுத்திகரியாத எண்ணெயில் நஞ்சு கலந்துவரக் கூடும். ஆகவே வீட்டைவிட்டு வெளியே எறிந்த கெட்ட பருப்பு, தொழுவத்தின் வழியாய்ப் பால் செம்பில் மீண்டும் வீட்டினுள் நுழையாதபடி, அதனை ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுவதே தக்கது.

மேற்கூறிய முறைகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மழைக்குமுன் ஒரு வாரத்து உழைப்பும், மழையில் நாள்தோறும் சற்றுக் கவனமும், தானியத்துக்கு மேலும் இரண்டு நாள் வெயிலுமே வேண்டும். ஓர் ஆண்டு உழைத்து விளைத்த பொருளைக் களத்திலிருந்து வீடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணாமல், அது அடுப்பேறும் வரை ஈரத்தினின்று காத்து வருவார்களாயின், குடியானவர்களின் விளைச்சலும் குடும்பத்தின் ஆரோக்கியமும் ஒருங்கே காக்கப்படும்.